கழுவி வந்த டப்பா

பக்கத்துக்காரி என்றதும் பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பாதியில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன், முதலிலிருந்தே கூட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரப் பத்திரிகையில் ‘இந்த வாரம் எதைப் பார்க்கலாம்’ என்று ஒரு பக்கம் வருகிறதே, அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரி இவள். டி.வி.யில் திங்கள் முதல் ஞாயிறு வரை என்னென்ன எபிசோடு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, இதைப் பாருங்கள், இதை விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நாளுக்கு நாலு வரி எழுதுவாள்.

அந்த வீட்டில் யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. புருஷன் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர், அதனால் லிஃப்ட்காரர். மாமனார் ரிட்டயரான பஸ் கண்டக்டர். ரிட்டயரானது உத்தியோகம்தான், வாய் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. பக்கத்துக்காரியின் தங்கை ஒரு சீரியலுக்கு வசனம் எழுதுகிறாள், அதனால் அவள் வசனம். அந்த சீரியலுக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. ஆனால் ராத்திரி ஏழரை மணிக்கு வருவதால் இந்த வீட்டில் அதற்கு ஏழரை என்றே பெயர். வசனத்துக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பார்களா?

இனி விஷயத்துக்கு வருவோம். லிஃப்ட்காரருக்கு வேலை போய் மாதங்களாகின்றன. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, டப்பாவில் சாப்பாடு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். சாயங்காலம் களைத்துப்போய் வருகிறார். கண்டக்டருக்கு மகன் உத்தியோகத்தில் அவ்வளவு பெருமை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், “இந்த லிஃப்டு என் பையன் போட்டது” என்பார், மகன் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

பக்கத்துக்காரிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. எப்படியென்றால், ஒரு மழை நாளில் டப்பா கழுவி வந்தது. கல்யாணமான நாள் முதல் எச்சில் டப்பாவை அப்படியே கொண்டு வந்து மேடையில் வைக்கிற மனுஷர் அவர். அன்றைக்கு டப்பா பளபளவென்று, துணியால் துடைத்து, உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் வந்தது. மறுநாளும் அப்படியே. வேலை இருக்கிற ஆம்பளைக்கு டப்பா கழுவ நேரம் ஏது? ஆபீசுக்கு போன் போட்டாள். “அந்தப் பிரிவையே மூடிட்டாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா?” என்றது ஒரு குரல்.

புருஷனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தங்கையிடம் சொல்லி அழுதாள். அங்கேதான் வினை வந்தது. போன வாரம் சேனல்காரர்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில், வியாழக்கிழமை ஏழரைக்கு நேரே இப்படி இருந்தது: ‘வேலை இழந்ததை மறைக்கும் கணவன். கழுவி வந்த டப்பாவை வைத்து மனைவி கண்டுபிடிக்கிறாள்.’ பக்கத்துக்காரி உடனே தன் பக்கத்திலிருந்து அந்த நாளின் ஏழரையைத் தூக்கிவிட்டு, அதே நேரத்தில் வேறொரு சேனலில் வரும் ஆக்டோபஸ் படத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

அந்த வியாழக்கிழமை இன்றைக்கு.

&nbsp;

லிஃப்ட்காரர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்று பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனைவி எழுதியதை இரண்டு மூன்று தடவை படிக்கிற புருஷன் உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, இவர் அந்த ஜாதி. திங்கள்கிழமை சமையல் போட்டியில் நடுவரே அழப்போகிறார் என்று எழுதியிருந்தால், நடுவர் அழுததும் எழுந்துபோய் அவளுக்குக் கை கொடுப்பார். ஒற்று விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்லிக் காட்டுவார்.

“என்ன, தங்கச்சியைக் கழட்டி விட்டுட்டே?” என்றார்.

அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை.

“என்னது?”

“திங்கள் செவ்வாய் புதன் எல்லாம் ஏழரை இருக்கு. நாளைக்கு வினாடி வினா ஃபைனலுக்குப் பக்கத்துலகூட இருக்கு. இன்னைக்கு மட்டும் காணோம். ஏழரை மணிக்கு ஆக்டோபஸ்ங்கறே.”

“இடம் பத்தலை.”

“ஆக்டோபஸுக்கு மட்டும் இடம் இருந்துச்சா?”

“எட்டுக் காலு,” என்றார் கண்டக்டர், சோபாவில் இருந்தபடி. “நாலு டிக்கெட் போடணும். அதுக்கே இடம் சரியாப் போச்சு.”

சிரித்துத் தொலைக்க வேண்டியிருந்தது. சிரித்தாள். ஆனால் லிஃப்ட்காரர் விடுகிறவராக இல்லை. “நீ எழுத ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு நாள்கூட ஏழரையை விட்டதில்லை. நல்லா இல்லாத வாரத்துலகூட, ‘நடிப்பு பரவாயில்லை’ன்னு ஒரு வரி போட்டுடுவே.”

“அதான் எடிட்டர் சொன்னார். சொந்தத் தங்கச்சி எழுதறதை அப்படித் தூக்கி வெச்சுக் கொண்டாடக் கூடாதுன்னு.”

“இப்பத்தான் இடம் பத்தலைன்னே.”

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு பொய் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இரண்டாவது பொய் முதல் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். இது டி.வி. பார்த்தே ஜீவனம் பண்ணுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

லிஃப்ட்காரர் சிரித்தபடி இன்னொரு ஷூவைப் போட்டுக்கொண்டார். “புரிஞ்சு போச்சு. இன்னைக்கு என்னமோ பெருசா நடக்குது. கதாநாயகியைக் கொன்னுடறாங்களா? எங்ககிட்ட சொல்லிடக் கூடாதுன்னு மறைக்கறே. சரி சரி, சொல்ல வேண்டாம். நான் சீக்கிரம் வந்துடறேன், மூணு பேருமா உட்கார்ந்து பார்ப்போம்.”

“நீங்க களைச்சுப்போய் வருவீங்க.”

“வேலைன்னா களைப்பு இருக்கத்தானே செய்யும்,” என்று டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். “போயிட்டு வரேன்பா.”

“ரைட்டு, போகலாம்,” என்றார் கண்டக்டர். தினமும் சொல்வதுதான். மகன் தெருமுனை திரும்புகிற வரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பியைத் தொடுவார். பக்கத்துக்காரிக்கு அந்த ஜன்னலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

&nbsp;

ஏழரைக்கு ஷூட்டிங் நடக்கிற இடம் ஒரு மாடி வீடு. கீழே ஏழைக் குடும்பம், மேலே பணக்காரக் குடும்பம். ஒரே ஃப்ரிட்ஜ்தான், மேலே போகும்போது அதற்கு ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், கீழே வரும்போது பிய்த்துவிடுவார்கள். சமையலறைக் குழாயில் தண்ணீர் வராது. கதாநாயகி தண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பையன் ஜன்னலுக்கு வெளியே நின்று குடத்தைச் சாய்க்க வேண்டும்.

வசனம் மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். நடிக்கிறவர்கள் கீழே காத்திருக்க, இவள் மேலே எழுதுவாள். எழுதின சூட்டோடு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு ஓடுவார்.

“அக்கா, நீ எங்கே இங்கே?”

“எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியாதா?”

வசனத்தின் விரல் நின்றது. “சுருக்கம் வந்துடுச்சா?”

“போன வாரமே வந்துடுச்சு. நீயே போன் பண்ணிச் சொல்லுவேன்னு பார்த்தேன்.”

“பேர் போடலைக்கா. அத்தான் லிஃப்ட் கம்பெனி, இதுல அவன் பேங்க். அத்தானுக்கு மீசை கிடையாது, இவனுக்கு இவ்வளவு பெரிய மீசை வெச்சிருக்கோம்.”

“டப்பா?”

வசனம் மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள்.

“டப்பாவை மாத்தினியாடி?”

“அதை மாத்தினா சீனே இல்லைக்கா,” என்றாள் வசனம். குரல் இறங்கிவிட்டது. “கதையில அவ கண்டுபிடிக்கணும். எப்படிக் கண்டுபிடிக்கறான்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். போன்ல மெசேஜ் பார்க்கறா, சட்டைப் பையில சீட்டு கிடைக்குது, யாரோ ஒருத்தன் வந்து போட்டுக் குடுக்கறான். எல்லாம் பார்த்துப் பார்த்துப் புளிச்சுப் போனது. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. அப்ப வாய்ல வந்துடுச்சு. சொன்னதும் டைரக்டர் எழுந்து நின்னுட்டார். இத்தனை வருஷத்துல அவர் எனக்காக எழுந்து நின்னதே இல்லை.”

“என் புருஷனோட மானத்தைக் குடுத்து உனக்கு மரியாதை வாங்கிக்கிட்டே.”

வசனம் லேப்டாப்பை மூடினாள்.

படிக்குக் கீழே ஷூட்டிங் சாமான்கள் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்று இருந்தது. பக்கத்துக்காரியின் கண் அதில் போய் நின்றது. இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா, பக்கவாட்டில் கொக்கி. அச்சு அசல் இவள் வீட்டு டப்பா மாதிரியே. அதன் வயிறு உள்ளே போய், மூடி வளைந்து கிடந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் நசுங்கியிருந்தது.

“இது ஏன் இப்படி இருக்கு?”

“அவ தூக்கி எறியறா.” வசனம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “கூடத்துல, எல்லார் முன்னாடியும். அவனோட அப்பா காலடியில போய் விழுது. சரியா விழணும்னு மறுபடி மறுபடி எடுத்தாங்க.”

“நான் எறியலையே.”

“அதான்க்கா பிரச்சினை. நீ எறியலை, கேட்கலை, ஒண்ணுமே பண்ணலை. தினம் டப்பா கட்டிக் குடுக்கறே, தினம் கழுவின டப்பாவை வாங்கி உள்ளே வைக்கறே. ஒண்ணுமே பண்ணாத பொண்டாட்டியை வெச்சுக்கிட்டு நான் என்ன சீன் எழுதறது?”

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டிய இடத்தில்தான் தைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் சொன்னால் பக்கத்துக்காரிக்கு என்மேல் கோபம் வரும். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு பயம்டி. கேட்டா உடைஞ்சு போயிடுவார். அவங்க அப்பா எதிர்ல தலை குனிஞ்சு நிக்கறதை என்னால பார்க்க முடியாது. அவரா ஒரு வேலை தேடிக்கிட்டு, அவரா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். இன்னைக்கு ராத்திரி அவர் அப்பா பக்கத்துல உட்கார்ந்து இதைப் பார்க்கப் போறார். அந்த டப்பாவைப் பார்த்ததும் புரிஞ்சு போயிடும். பொண்டாட்டிக்குத் தெரியும், மச்சினிக்குத் தெரியும், டி.வி. பெட்டி வெச்சிருக்கிறவனுக்கெல்லாம் தெரியும்னு. இதை நிறுத்தவே முடியாதா?”

“எபிசோடு சேனலுக்குப் போயாச்சு. அதை மாத்தறதைவிட என்னை மாத்தறது அவங்களுக்கு சுலபம்.” வசனத்தின் கண் கலங்கியிருந்தது. “தப்புதான்க்கா. எழுதறப்ப உன் முகம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அத்தான் முகம் ஞாபகத்துலயே வரலை.”

கீழேயிருந்து யாரோ வசனம் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். தங்கை எழுந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். “கேபிள் வயரைக் கழட்டி விட்டுடு. இன்னைக்கு ஒரு நாள் தப்பிச்சா போதும், நாளைக்கு வேற கதைக்குப் போயிடுவோம்.”

பக்கத்துக்காரி தலையாட்டினாள்.

“அக்கா, ஒண்ணு கேட்கணும், தப்பா எடுத்துக்காதே. டைரக்டர் கேட்டார். பார்க்குல பொழுது போக்கறவன் குழாயில கழுவறான், சரி. டப்பாவைத் துடைக்கத் துணி ஏதுன்னார். நான் கர்ச்சீப்னு எழுதிட்டேன். அதானே?”

“அதுவாத்தான் இருக்கும்,” என்றாள் பக்கத்துக்காரி.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வீட்டில் கர்ச்சீப் துவைக்கிறவள் அவள்தான். காலையில் மடித்துக் கொடுத்தது சாயங்காலம் அதே மடிப்போடு வரும். அது ஒரு நொடி நெருடியது. அதற்குள் மனசு வீட்டுக் கேபிள் வயருக்குத் தாவிவிட்டது.

&nbsp;

மத்தியானம் கண்டக்டர் அசந்த நேரம் பார்த்து டி.வி.க்குப் பின்னால் போனாள். ஒட்டடையும் தூசியுமாக இருந்த இடத்தில் கையை விட்டு, வயரின் திருகைச் சுற்றிச் சுற்றிக் கழற்றினாள். திருட்டு வேலை பழக்கமில்லாத கை, வளையல் வேறு வயரில் மாட்டிக்கொண்டது. முடித்ததும் ரிமோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சிக்னல் இல்லை என்று நீலமாக வந்தது. இத்தனை நாளில் டி.வி.யில் இதைவிட நல்ல நிகழ்ச்சியை அவள் பார்த்ததில்லை.

கண்டக்டர் எழுந்தார், பார்த்தார், டி.வி.யின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கேபிள்காரருக்கு போன் போட்டார். நாளைக் காலையில்தான் ஆள் வருவான் என்றார்கள்.

“வண்டி பிரேக்டவுன்,” என்றார் மருமகளிடம். முகம் சின்னப் பிள்ளை மாதிரி தொங்கிவிட்டது. “இன்னைக்குன்னு பார்த்தா நடக்கணும்?”

“போகட்டும் மாமா, ஒரு நாள்தானே,” என்றாள். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது.

லிஃப்ட்காரர் சொன்னபடியே சீக்கிரம் வந்தார். பையை அவள் கையில் கொடுத்தார். டப்பாவை எடுத்துத் திறந்தாள். கழுவித் துடைத்துத்தான் இருந்தது, லேசாக எலுமிச்சை சோப்பு வாசனை அடித்தது. இந்த வீட்டில் எலுமிச்சை சோப்பு வாங்குவதில்லை. எந்தப் பொதுக் குழாயடியில், யார் வைத்துவிட்டுப் போன சோப்போ என்று நினைத்துக்கொண்டாள். டப்பாவை மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

“டி.வி. வரலைடா,” என்றார் கண்டக்டர்.

“வரலையா?” அவ்வளவுதான், மனுஷர் சட்டைக் கையை மடித்துவிட்டார். முகம் கழுவவில்லை, காப்பி குடிக்கவில்லை. “டார்ச் எடு. அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் எடு. அப்பா, ரிமோட்டை நீங்க வெச்சுக்கங்க, நான் சொல்றப்ப போடுங்க.”

பக்கத்துக்காரி டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள். அடிக்காமல் என்ன செய்வாள்? பழுது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. மாதக்கணக்கில் இல்லாத சுறுசுறுப்பு. வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார். இந்தக் கைக்கு வேலை இல்லையென்று சொன்னவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“கிடைச்சுடுச்சு,” என்றார். “வயர் கழண்டிருக்கு.”

“எலி இழுத்திருக்குமா?” என்றார் கண்டக்டர்.

“எலி கடிக்கும்பா, திருகிக் கழட்டாது.” சொல்லிவிட்டு நிமிர்ந்தார். டார்ச் வெளிச்சத்தில் அவள் கை தெரிந்தது. வளையலில் ஒட்டடை. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வயரைத் திரும்ப மாட்டினார். ஆனால் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிட்டது.

டி.வி. வந்துவிட்டது. ஏழரையாக இன்னும் கொஞ்ச நேரம்தான்.

“இன்னைக்கு ஒரு நாள் ஆக்டோபஸ் பார்க்கலாமே மாமா,” என்றாள். குரல் அவளுக்கே யாசகம் மாதிரி கேட்டது. “அதுக்கு மூணு இதயமாம். பார்க்க நல்லா இருக்கும்.”

“ரூட்டை மாத்தாதேம்மா. எனக்கு இருக்கிற ஒரு இதயத்துக்கு ஏழரை போதும்.”

“நான் எழுதினதை யாருமே பார்க்கலைன்னா எப்படி?”

“ஏழரையே போடுங்கப்பா,” என்றார் லிஃப்ட்காரர். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். காலையில் இருந்த சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. “அவ எதை மறைக்கறான்னு பார்ப்போம்.”

அவள் உட்காரவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

டைட்டில் பாட்டு முடிந்தது. மீசைக்காரன் வீட்டுக்குள் வந்தான். அவன் மனைவி பையை வாங்கினாள், டப்பாவை எடுத்தாள், திறந்தாள். கேமரா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே சுத்தம், ஒரு சொட்டு ஈரமில்லை. அதற்கு மூன்று தடவை இடி இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள்.

“அவ்வளவுதான், ஆளு மாட்டினான்,” என்றார் கண்டக்டர். கதையில் என்ன வரப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுவது அவர் வழக்கம், சரியாக இருந்தால் தொடையில் தட்டிக்கொள்வார். “எந்த ஆபீஸ்ல டப்பா கழுவ விடறான்? இவனுக்கு வேலை போயிடுச்சு. பார்த்துக்கிட்டே இரு, நான் சொல்றேனா இல்லையா.”

தொடையில் தட்டிக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

மகன் டி.வி.யைப் பார்க்கவில்லை. அவர் பார்வை வாசலில் நின்ற மனைவியைத் தாண்டி சமையலறைக்குள் போயிருந்தது. அங்கே மேடையில் இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. கண்டக்டரும் அதைப் பார்த்தார். தட்டின கை தொடையிலேயே நின்றுவிட்டது.

டி.வி.யில் அந்தப் பெண் டப்பாவைத் தலைக்கு மேல் ஓங்கினாள். ஓங்கின கையோடு அப்படியே நிறுத்தி, விளம்பரம் போட்டுவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு விளம்பரம். இதை வசனம் எழுதியிருந்தால் ஓவராக இருக்கிறதென்று நானே திட்டியிருப்பேன், ஆனால் நடந்தது அதுதான்.

“எப்பலேருந்து தெரியும்?” என்றார் லிஃப்ட்காரர்.

“அந்த மழை பெஞ்ச வாரத்துலேருந்து.”

“தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கே.”

“ஆமா.”

“என்கிட்ட கேட்கலை.”

“நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“எங்கே நீ கேட்டுடுவியோன்னு நான் செத்துக்கிட்டிருந்தேன்,” என்றார். குரல் உடைந்துவிட்டது. எதற்குப் பயந்து அவள் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அது நடந்துகொண்டிருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

விளம்பரம் முடிந்து மறுபடி ஏழரை வந்தது. ஓங்கின கை, டப்பா, மீசைக்காரனின் அப்பா முகம். டப்பா கையை விட்டுக் கிளம்புவதற்குள் கண்டக்டர் ரிமோட்டை அழுத்திவிட்டார். டி.வி. அணைந்தது. அந்த வீட்டில் ஏழரை ஓடும்போது டி.வி.யை யாரும் அணைத்ததில்லை, அதுவும் அவர்.

ரிமோட்டை சோபாவில் வைத்துவிட்டு எழுந்தார். மகன் எதிரே போய் நின்றார்.

“நான் டிக்கெட் இல்லாம ஏறினவனைக்கூட நடுரோட்டுல இறக்கி விட்டதில்லைடா,” என்றார். “நீ என் பையன். நான் என்ன செஞ்சுடுவேன்னு பயந்தே?”

லிஃப்ட்காரர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கண்டக்டர் அவர் தோளில் ஒரு தடவை கை வைத்து எடுத்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். “நான் இந்த ஸ்டாப்புல இறங்கிக்கறேன். தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்மா, நீங்க பேசிக்கிட்டிருங்க,” என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

பக்கத்துக்காரி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை கேட்ட கேள்வி காதில் இருந்தது. ஒன்றுமே பண்ணாத பொண்டாட்டி. இப்போது பண்ண வேண்டும். ஆனால் என்ன சொல்வது? நாளுக்கு நாலு வரி எழுதுகிறவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வயரில் ஒட்டியிருந்த தூசி இரண்டு பேர் கையிலும் இருந்தது.

பொதுக் குழாயடியில், நாலு பேர் பார்க்க, குனிந்து உட்கார்ந்து அவர் டப்பா தேய்க்கிற காட்சிதான் இத்தனை நாள் அவள் மனசை அரித்தது. வேலை போனதைக்கூட அவள் ஜீரணித்துவிட்டாள், அதைத் தாங்கத்தான் முடியவில்லை.

“நாளைலேருந்து டப்பாவைக் கழுவ வேண்டாம்,” என்றாள். “எச்சிலோட அப்படியே கொண்டு வாங்க. எப்பவும் போல நான் கழுவிக்கறேன்.”

அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். கண் சிவந்திருந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாதவர் மாதிரி பார்த்தார்.

“நான் எங்கே கழுவினேன்?” என்றார். “ஒரு நாள்கூட நான் அதைக் கழுவினதில்லையே.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டார்.